பன்றிகள் கேட்ட ஆல்பம்

என் ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காட்டுப்பன்றிகளையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு கொஞ்சம் கௌரவமாக வரும்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் மாடி அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பகலில் நூல் மில் ஒன்றின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. மற்ற நேரத்தில் பிளாக் மெட்டல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிடாரை ஈசல் கூட்டம் போல இரைய விட்டு, டிரம்ஸை மூச்சு விடாமல் அடித்து, அதற்கு மேல் தொண்டை கிழிகிற மாதிரி கத்துவது. அதிலும் நான் செய்வது அட்மாஸ்ஃபெரிக் வகை. ஒவ்வொரு பாட்டும் நீளமாக இருக்கும், நடுநடுவே காற்று, மழை, பறவை என்று ஏதாவது ஒலித்துக்கொண்டிருக்கும். இந்த இசை பிறந்த ஊர்களில் பனியும் ஊசியிலை மரங்களும் இருக்கின்றன. எங்கள் பக்கம் இருப்பது வெயிலும் சீமைக்கருவேலமும்தான். குளிரில் நடுங்குகிறவனுக்குத்தான் கோபம் வருமா, வெயிலில் காய்கிறவளுக்கு வராதா என்று நானும் ஆரம்பித்துவிட்டேன்.

முதல் சிக்கல், எங்கே கத்துவது. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரிக்குள் தலையை விட்டுக் கத்திப் பழகிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா மாடியேறி வந்துவிட்டார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர், என்னிடம் தமிழ்.

"ஏம்மா, ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

"இல்லம்மா. பாட்டுப் பழகுறேன்."

அவர் அலமாரிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "தறி ஓடுறப்பவே பழகிக்கம்மா. நிப்பாட்டுனப்பறம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இதைவிட நல்ல வீட்டுக்காரர் எந்த ஊரிலும் கிடைக்க மாட்டார்.

அன்றிலிருந்து கீழே விசைத்தறி ஓடும்போது மட்டும்தான் கத்தினேன். தறிச் சத்தம் மைக்கில் புகுந்து எல்லாப் பாட்டுக்கும் பின்னால் உட்கார்ந்துகொண்டது. எடுக்க முயன்று பார்த்தேன், வரவில்லை. இணையத்தில் ஒரு பாட்டைப் போட்டபோது ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர், பின்னணியில் வீசும் பனிப்புயல் மெய்சிலிர்க்க வைக்கிறது என்று எழுதியிருந்தார். நான் அவரைத் திருத்தவில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

ஆல்பம் முழுக்க ஒரே விஷயம்தான். மனிதன் இயற்கையோடு மல்லுக்கட்டுவது. முதல் பாட்டில் மழை பொய்க்கிறது. அடுத்ததில் கண்மாய் காய்ந்து வெடிக்கிறது. பிறகு சீமைக்கருவேலம் வருகிறது, ஆழ்துளைக் கிணறு வருகிறது, பன்றிகள் வருகின்றன. ஆறாவது பாட்டில் ஊரே காலி. சுவர்களுக்கு நடுவே முள் முளைத்துக் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கடைசிப் பாட்டின் மேல் எனக்குத் தனிப் பெருமை. இந்த இசையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு: இயற்கை பெரியது, மனிதன் தூசு, அவன் அழிவதில் ஓர் அழகு இருக்கிறது. மாடி அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு இதை எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது.

என் அண்ணன் அப்போது திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் மக்காச்சோளம் போட்டிருந்தான். அப்பா காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் கண்மாயை ஒட்டி ஒரு துண்டு நிலம் மலிவாகக் கிடைத்து வாங்கினார். ஏன் மலிவாகக் கிடைத்தது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கண்மாய்க்குள் தண்ணீரைவிட சீமைக்கருவேலம்தான் அதிகம், கருவேலத்துக்குள் பன்றிகள். எங்கள் பக்கம் யானை இல்லை, புலி இல்லை. பயிரை அழிக்க அவை தேவையும் இல்லை. கதிர் பால் பிடிக்கும்போது ஒரு கூட்டம் உள்ளே இறங்கினால் போதும். தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பது மீதி எல்லாம்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஐந்தாவது பாட்டே அதைப் பற்றியதுதான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, வரப்பில் உட்கார்ந்து அண்ணன் காதில் இயர்போனை மாட்டி ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியில் கழற்றிவிடுவான் என்று நினைத்தேன். கடைசி வரை கேட்டான். முகத்தைப் பார்த்தால் ஊசி போட்டுக்கொள்கிறவன் மாதிரி இருந்தது.

"வெளங்கல பாப்பா. என்னதான் சொல்ற இதுல?"

சொன்னேன்.

"கடேசில யாரு ஜெயிக்கிறா?"

"இயற்கைதான் ஜெயிக்குது."

"இயற்கைன்னா? பன்னியுமா?"

"பன்னியுந்தாண்ணே."

அவன் இயர்போனைச் சுருட்டி என் கையில் கொடுத்தான். "அப்ப நீ யாரு பக்கம்?" என்றான்.

நான் சிரித்து மழுப்பினேன். அவன் சிரிக்கவில்லை. எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டான். பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க எரிச்சலாக இருந்தது. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லக்கூடாதா? பக்கம் பார்த்தா பாட்டு எழுதுவார்கள்? இப்படியெல்லாம் அவனிடம் கேட்காத கேள்விகளை ஜன்னலிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இங்கே எங்கள் ஊர்ப் பன்றிக்காவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதிர் பிடித்துவிட்டால் ஒவ்வொரு நிலத்திலும் ஒரு பரண் கட்டுவார்கள். பொழுது சாய்ந்தால் ஆள் ஏறிவிட வேண்டும், விடிந்துதான் இறங்க வேண்டும். காவல் என்றால் கத்துவதுதான். ஒரு பரணிலிருந்து "ஏ... ஹோ..." என்று ஒருவர் குரல் விடுவார். அடுத்த நிலத்துக்காரர் அதே மாதிரி பதில் குரல் கொடுப்பார். அவருக்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர் என்று கண்மாய்க்கரை நெடுக அந்தக் குரல் போய்த் திரும்பி வரும். பன்றி விரட்டுவது அதில் பாதி வேலைதான். பதில் குரல் வரவில்லையென்றால் அந்த நிலத்து ஆளுக்கு என்னவோ என்று பக்கத்துக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். பெரும்பாலும் ஆள் தூங்கியிருப்பார், திட்டிவிட்டு வருவார். ஒருமுறை பாம்பு கடித்தவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. குரல் வந்தால் ஆள் இருக்கிறது, வரவில்லை என்றால் போய்ப் பார். அவ்வளவுதான்.

அண்ணன் வருஷா வருஷம் அப்படிக் கத்தி அவன் குரல் கம்மிக்கொண்டே வந்தது. சளி என்றான், பனி என்றான். அந்த வருஷம் கதிர் பிடிக்கிற நேரத்தில் போன் பேசினால் காற்றுதான் வந்தது. மதினி பிடிவாதமாக மதுரைக்கு அழைத்துப் போனார். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நரம்பில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் கத்தினால் பேச்சே போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அது எங்கோ சுருக்கென்று தைத்தது. மணிக்கணக்கில் பேய் மாதிரி கத்துகிறவள் நான். என் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முறை இருக்கிறது, காற்றை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், தொண்டையை இறுக்கக்கூடாது. இணையத்தில் பார்த்து வருஷக்கணக்கில் பழகியது. அவன் எதையும் பார்த்துப் பழகவில்லை. பன்றியைப் பார்த்தான், கத்தினான்.

காவலுக்குப் போகாதே என்றால் கேட்க மாட்டான். நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டி கரண்ட் விடுகிறவர்களும் உண்டு. அதில் மாட்டி ஆள் செத்த கதையெல்லாம் தெரியும் என்பதால் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன் என்று உறுதியாக இருந்தான். காவலுக்குக் கூலி ஆளும் கிடைக்கவில்லை. மதினி என்னிடம் அழுதார். "சும்மா ஒக்காந்திருக்கேன், கத்த மாட்டேன்னு சொல்லிட்டுப் போறாக. போயிட்டுக் கத்துறாக. விடிஞ்சு வந்தா தண்ணி கேக்கக்கூட சத்தம் வரல."

அப்போதுதான் சொன்னேன். "அவனுக்குப் பதிலா நான் கத்துறேன் மதினி."

பழவண்டிக்காரர்கள் வண்டியில் மாட்டியிருப்பார்களே, பேசிப் பதிந்துவைத்தால் திரும்பத் திரும்ப அதையே கூவும் குழாய் ஸ்பீக்கர், அது ஒன்று வாங்கினேன். தறி ஓடும் நேரத்தில் அலமாரிக்குள் தலையை விட்டு, வாழ்க்கையில் கத்தாத கத்தெல்லாம் கத்திப் பதிந்தேன். நடுவே கொஞ்சம் இடைவெளி, மறுபடி கத்தல். பழைய பைக் பேட்டரியோடு அதைப் பரணில் கட்டினோம். வெளிச்சம் போகிற நேரத்தில் போட்டுவிட்டதும் கருவேலத்துக்குள் ஒரே தடதடப்பு. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மறுநாள் காலை ஒரு கதிர்கூடச் சாயவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். பன்றிக்கு என் அருமை தெரிந்திருந்தது.

"ஒன் சத்தத்துக்கு பன்னி என்ன, எமனே எட்டிப் பாக்க மாட்டான்" என்று போனில் கிசுகிசுத்தான் அண்ணன். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீ யாரு பக்கம் என்று கேட்டானே, இதுதான் பதில் என்று அவனுக்குச் சொல்லாமல் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சில நாட்கள் ஆபீஸில்கூட நான் மிகவும் நல்லவளாக நடந்துகொண்டேன்.

பன்றிகள் முட்டாள்கள் அல்ல. ஒரு வாரம் போனதும் மதினியிடமிருந்து போன்.

"ஏ புள்ள, சத்தம் வாரப்ப தலையத் தூக்கிப் பாக்குதுக. நின்ன ஒடனே திங்குதுக. எப்ப எம்புட்டு நேரம் நிக்கும்னு அதுகளுக்கு அத்துப்படியாயிருச்சு."

இடைவெளிதான் தப்பு என்று எனக்குப் பட்டது. நிறுத்தாமல் ஓட வேண்டும், எப்போது என்ன வரும் என்று தெரியக்கூடாது. அதற்கு என்னிடம் ஓர் ஆல்பமே இருந்தது. ஆறு பாட்டையும் எடுத்தேன். காற்று, மழை, பறவை என்று அமைதியாக வருகிற இடங்களையெல்லாம் வெட்டி எறிந்தேன். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வைத்த இடங்கள் அவை. மிச்சத்தை ஒன்றோடொன்று ஒட்டி, மூச்சு விட இடமில்லாமல் முடிந்ததும் மறுபடி தொடங்குகிற மாதிரி செய்து மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். கிடார், டிரம்ஸ், தறி, நான். சனிக்கிழமை சாயங்காலம் அதைப் போட்டபோது, மனிதனை இயற்கை வெல்கிறது என்று நான் எழுதிய பாட்டு பன்றிகளைத் துரத்திக்கொண்டு கண்மாய் பூராவும் ஓடியது. பக்கத்து நிலத்துக்காரர் பரணிலிருந்து, "ஏலே, என்னடா இது, ஊரக் காலி பண்ணிருவ போலயே" என்று சத்தம் போட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் ஸ்பீக்கரைக் கையால் காட்டினான்.

அதற்குப் பிறகு அவர் குரல் விட்டால், அண்ணன் பதில் குரல் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எங்கள் நிலத்திலிருந்துதான் சத்தம் வந்துகொண்டே இருக்கிறதே. அவரும் நாளடைவில் எங்கள் பக்கம் குரல் விடுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக்காரரோடு மட்டும் குரல் மாற்றிக்கொண்டார். இதை யாரும் ஒரு பிசகாக எண்ணவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் குரல்களைக் கேட்டே வளர்ந்தவள் நான். எனக்கும் உறைக்கவில்லை.

மார்கழிப் பனி இறங்கிய ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மதினி போன் செய்தார். அண்ணனோடு ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நடந்ததைப் பக்கத்து நிலத்துக்காரர்தான் ஆஸ்பத்திரி வாசலில் எனக்குச் சொன்னார். அவர் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பன்றிகளுக்கு அந்தச் சத்தமும் பழகிவிட்டிருந்தது. குட்டிகளோடு ஒரு கூட்டம் ஸ்பீக்கருக்கு நேர் கீழேயே வந்து மேய்ந்திருக்கிறது. அண்ணன் போனைப் பரணிலேயே வைத்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். தாய்ப்பன்றி முழங்காலுக்குக் கீழே முட்டித் தூக்கியெறிந்ததில், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய்க்குள் போய் விழுந்தான். கால் எலும்பு முறிந்துவிட்டது, ஏற முடியவில்லை. கூப்பிட்டிருக்கிறான். அவனிடம் மிச்சம் இருந்த குரல் பக்கத்துச் செடிக்குக்கூடக் கேட்டிருக்காது. அதற்கு மேலே என் குரல், கொஞ்சமும் சோராமல், நிலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சத்தம் கேட்டுக்கிட்டேதான தாயி இருந்துச்சு" என்றார் அவர். "ஆளு முழிச்சுத்தான் இருக்கான்னு இருந்துட்டோம்."

விடிகிற நேரத்தில் பேட்டரி தீர்ந்து ஸ்பீக்கர் நின்றிருக்கிறது. அத்தனை நாள் இரைச்சலுக்குப் பிறகு அந்த அமைதி அவருக்கு விநோதமாக இருந்திருக்கிறது. பழைய பழக்கத்தில் "ஏ... ஹோ..." என்று ஒரு குரல் விட்டிருக்கிறார். பதில் வரவில்லை. மறுபடி விட்டிருக்கிறார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. பன்றி மேல் வரவில்லை, அது குட்டியை வைத்திருந்தது. பேட்டரிக்கு முழுசாக சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருந்தால் விடிந்த பிறகும் அது கத்திக்கொண்டே இருந்திருக்கும். முந்தின நாள்தான் மதினியிடம் புதுப் பேட்டரி ஒன்று வாங்கிவிடலாம், இன்னும் நெடுநேரம் வரும் என்று சொல்லியிருந்தேன்.

கதிரில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதிக்குப் பக்கத்து நிலத்துக்காரர்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஒரு சாயங்காலம் மதினியோடு நானும் பரணில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்பீக்கரைக் கழற்றியாகிவிட்டது. பொழுது சாய்கிற நேரம், பக்கத்து நிலத்திலிருந்து குரல் வந்தது. மதினி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கத்தல் எதுவும் அதற்குப் பொருந்தாது. சும்மா, வாயைத் திறந்து, "ஏ... ஹோ..." என்றேன். குரல் பிசிறியது. அந்தப் பக்கத்திலிருந்து உடனே, "யாரு, தங்கச்சியா? சரி சரி" என்று பதில் வந்தது. இணையத்தில் எனக்கு வந்த எந்தப் பாராட்டும் அந்தச் சரி சரிக்கு ஈடாகாது.

அண்ணன் காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனோடு தனியாக உட்கார முடிந்தது. கிசுகிசுப்பாகக்கூடப் பேசக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பேச வேண்டியதெல்லாம் என்னிடம்தான் இருந்தது. அந்த ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னேன். ஜெயிப்பது யார், தோற்பது யார் என்று இனி என் வாழ்க்கையில் பாட்டு எழுதப் போவதில்லை என்றும் சொன்னேன். ராத்திரி முழுக்க நீ கூப்பிட்டது யாருக்கும் கேட்காதபடி நான் கத்திக்கொண்டிருந்தேனே என்று சொல்ல வந்து பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அத்தனை வருஷப் பயிற்சியும் அதற்கு உதவவில்லை.

அவன் என்னைக் கிட்டே வா என்று கையால் கூப்பிட்டான். காதை அவன் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன்.

"எடுக்காத. மழ இருக்கும்ல, காத்து, குருவியெல்லாம். பன்னிக்காக வெட்டுனயே, அந்த எடமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டான். கண்ணில் பழைய குறும்பு வந்தது. "ஆனா ஒன் பாட்டுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது, அது நின்ன எடந்தான் பாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பேசாதண்ணே என்று அவன் வாயைப் பொத்தினேன்.